பொது முகவரியும் தனி முகவரியும்

2007ஆம் ஆண்டு பிறந்த வேளையில், விக்கிப்பீடியாவின் நிர்வாகிகளுள் ஒருவர், விஷமத்தனமான திருத்தங்கள் தொடர்ந்து வந்துகொண்டிருந்த ஓர் இணைய முகவரியை, அத்தகைய முகவரிகளை நாள்தோறும் தடுக்கும் வழக்கப்படியே தடுத்து வைத்தார். தடுத்த பின்னரே, அந்த முகவரிக்குப் பின்னால் இருந்தது கத்தார் என்னும் தேசம் என்பது தெரியவந்தது. அந்நாட்டில் அக்காலத்தில் இணையச் சேவை வழங்கிய நிறுவனம் ஒன்றே; அதன் சந்தாதாரர்களின் வலைத்தளப் போக்குவரத்து ஒரே வாயிலின் வழியாக வெளியேறிக்கொண்டிருந்தபடியால், வெளியுலகத்தின் பார்வையில் அவ்வளவு பேருக்கும் ஒரே எண்தான் அடையாளமாக இருந்தது. தடை விரைவில் விலக்கப்பட்டது, நிகழ்ச்சியும் மறக்கப்பட்டது. ஆயினும் அது வெளிப்படுத்திய நிலைமை, அதாவது பலர் ஒரு முகவரியைப் பகிர்ந்துகொள்வதும், அப்பகிர்வை அறியாத வெளியார் ஒருவர் செய்த பிழைக்கு எல்லோரையும் தண்டிப்பதும், இன்று உலகெங்கும் கோடிக்கணக்கான வீடுகளுக்குப் பொதுவான நிலைமையாகிவிட்டது.

நடுத்தரக் குடும்பம் ஒன்றின் வீட்டில் இன்றைக்கு நான்கைந்து கைப்பேசிகள், ஒரு மடிக்கணினி, ஒரு தொலைக்காட்சி, வாசலில் ஒரு கண்காணிப்புக் காமிரா ஆகியவை இணையத்தோடு தொடர்பு கொண்டிருப்பது விசேஷமான காரியமன்று. இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் இருக்கிறது. ஆனால் அந்த எண் வீட்டுச் சுவர்களுக்கு வெளியே செல்லுபடியாகாது. அதே எண் பக்கத்து வீட்டிலும், அடுத்த ஊரிலும், அயல் தேசத்திலும் வேறு கருவிகளுக்குச் சூட்டப்பட்டிருக்கிறது. வெளியே செல்லும்போது அவையெல்லாம் ரூட்டர் என்னும் ஒரே கருவியின் பெயரால் செல்கின்றன. இணையத்தின் மூலப் பிரமாணமோ, உலகத்தில் இணைந்திருக்கும் ஒவ்வொரு கணினிக்கும் பிறிதொன்றுக்கு இல்லாத தனியான எண் இருக்கவேண்டும் என்பது. அந்தப் பிரமாணம் எவ்வாறு கைவிடப்பட்டது, கைவிடப்பட்டதனால் நாம் அடைந்தது என்ன, இழந்தது என்ன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இணையத்தின் நெறிமுறைகளை வகுத்துரைக்கும் குறிப்புகள் ஆர்எஃப்சி என்ற வரிசையில் எண்ணிடப்பட்டு வெளிவருகின்றன. அவற்றுள் 791ஆம் குறிப்பு, ஜான் போஸ்டலைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1981 செப்டம்பரில் வெளியாயிற்று; இன்றளவும் நாம் பயன்படுத்தும் ஐபிவி4 நெறிமுறை அதுவே. முகவரிக்கு 32 பிட் இடம் என்று அது நிர்ணயித்தது. 32 பிட்டில் அடங்கும் எண்கள் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296. அந்த ஆண்டில் உலக மக்கள்தொகை ஏறத்தாழ 450 கோடி என்பதை எண்ணிப் பார்த்தால், அப்பொழுதே ஆளுக்கு ஒன்று வீதம் கூட அது போதாது என்று இன்று சொல்லிவிடலாம். ஆனால் கணினி என்பது பல்கலைக்கழகங்களிலும் இராணுவ ஆய்வுக்கூடங்களிலும் பெரிய அறைகளில் வீற்றிருந்த ஒரு காலத்தில், சில நூறு இயந்திரங்களை இணைத்த ஆர்ப்பாநெட் என்னும் சோதனை வலையமைப்புக்கு நெறிமுறை எழுதியவர்கள், தனிமனிதனின் சட்டைப்பையில் கணினி இருக்கும் என்று கணக்கிட்டு எழுதவில்லை என்பதற்காக அவர்களைக் குறைகூறுவது நியாயமாகாது. ஆர்ப்பாநெட் இந்நெறிமுறைக்கு மாறியது 1983 ஜனவரி முதல் தேதியில்.

குறைகூறத்தக்கது பின்னர் நடந்த பங்கீடு. முகவரிகள் மூன்று அளவான கட்டுகளாக மட்டுமே வழங்கப்பட்டன: ஏ வகைக் கட்டு ஒன்றில் 1 கோடியே 67 லட்சத்துக்கு மேற்பட்ட எண்கள்; பி வகையில் 65,536; சி வகையில் 256. முந்நூறு கணினி வைத்திருந்த நிறுவனத்துக்குச் சி போதாது. ஆகவே அது பி கேட்டுப் பெற்றது. பெற்றதில் அறுபத்தைந்தாயிரத்துக்கு மேல் வீணாயிற்று. ஏ வகைக் கட்டுகளோ கேட்டவர்க்குக் கேட்டபடி கிடைத்தன. மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம், ஃபோர்டு மோட்டார் கம்பெனி, ஆப்பிள் கம்பெனி ஆகியவை ஆளுக்கொன்று வைத்திருந்தன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் தன்னிடமிருந்த ஏ கட்டை 2000ஆம் ஆண்டில் திருப்பிக் கொடுத்தது. அந்த நற்செயல் இன்னும் பாராட்டப்பட வேண்டியது. மாசசூசெட்ஸ் நிறுவனமோ 2017 வரை வைத்திருந்து, தன்னிடமுள்ள முகவரிகளில் 1 கோடியே 40 லட்சம் ஒருபோதும் பயன்படுத்தப்படவே இல்லை என்றும், அவற்றில் 80 லட்சத்தையாவது விற்கலாம் என்றும் அறிவித்தது. ஆசியாவும் ஆப்பிரிக்காவும் வரிசையில் வந்து நிற்பதற்கு முன்பே பந்தி பெரும்பாலும் பரிமாறப்பட்டுவிட்டது என்பதை இந்த ஒரு கணக்கு காட்டும்.

1990களின் தொடக்கத்திலேயே பி வகைக் கட்டுகள் தீர்ந்துவிடும் என்ற அச்சம் பொறியாளரிடையே பரவியது. அதற்கு அவர்கள் கண்ட பரிகாரங்கள் பல. கட்டுகளை வேண்டிய அளவில் நறுக்கிக் கொடுக்கும் முறை 1993இல் வகுக்கப்பட்டது. முகவரியையே நீளமாக்கும் புதிய நெறிமுறை ஒன்றை ஆக்கும் வேலையும் தொடங்கிற்று. இவ்விரண்டுக்கும் இடையில் மூன்றாவது யோசனையொன்று எழுந்தது. அதுதான் நம் வீடுகளை ஆண்டுகொண்டிருக்கிறது.

1994 மார்ச்சில் வெளிவந்த ஆர்எஃப்சி 1597இன் ஆசிரியர் நால்வர்: ஐபிஎம் ஆய்வகத்தைச் சேர்ந்த யாக்கவ் ரெக்டர், கிரைஸ்லர் மோட்டார் கம்பெனியைச் சேர்ந்த ராபர்ட் மாஸ்கோவிட்ஸ், ஐரோப்பாவுக்கு முகவரி வழங்கும் பதிவகத்தைச் சேர்ந்த டானியல் காரன்பெர்க், கேர்ட் யான் டி க்ரூட். ஒரு கார்த் தொழிற்சாலைக்காரரும் இதில் கையெழுத்திட்டிருப்பது தற்செயலன்று. தொழிற்சாலைகளும் வங்கிகளும் தங்கள் உட்காரியங்களுக்கு இணைய நெறிமுறையை மேற்கொள்ளத் தொடங்கிய காலம் அது. அவர்களுடைய வாதம் எளிமையும் விவேகமும் உடையது. பெரியதொரு விமான நிலையத்தில், வருகையும் புறப்பாடும் அறிவிக்கும் பலகைகள் ஒவ்வொன்றுக்கும் முகவரி வேண்டியிருக்கிறது. ஆனால் அந்தப் பலகையோடு வேறு கண்டத்திலுள்ள ஒருவர் நேரே பேசவேண்டிய அவசியம் என்ன? கடைகளின் பணப்பெட்டி இயந்திரங்களுக்கும் வங்கிகளின் பணம் வழங்கும் இயந்திரங்களுக்கும் உலகம் முழுவதும் செல்லுபடியாகும் எண் எதற்கு? வெளியுலகத் தொடர்பு வேண்டாத இயந்திரங்களுக்கென்று சில எண்களை ஒதுக்கிவிட்டால், அவற்றை எந்த நிறுவனமும் யாரையும் கேளாமல் தன் எல்லைக்குள் பயன்படுத்திக்கொள்ளலாம். ஒரே எண் ஆயிரம் நிறுவனங்களில் இருந்தாலும், அவை ஒன்றையொன்று சந்திக்கப் போவதில்லையாதலால் கேடில்லை.

இவ்வாறு ஒதுக்கப்பட்டு, தனி முகவரி என்று பெயர்பெற்றவை மூன்று தொகுதிகள். 10 என்று தொடங்கும் 1 கோடியே 67 லட்சத்து 77 ஆயிரத்து 216 எண்கள்; 172.16 முதல் 172.31 வரையிலான 10 லட்சத்து 48 ஆயிரத்து 576 எண்கள், 192.168 என்று தொடங்கும் 65,536 எண்கள். இவற்றுள் 10 என்னும் தொகுதி முன்பு ஆர்ப்பாநெட்டுக்கே உரியதாக இருந்தது. அந்த வலையமைப்பு 1990இல் ஓய்வு பெற்றபின், அதன் எண் உலகப் பொதுவாயிற்று.

நான்கு மாதம் கழியுமுன் எதிர்ப்பு வந்தது. எலியட் லியர், எரிக் ஃபேர், டேவ் க்ராக்கர், தாமஸ் கெஸ்லர் ஆகிய நால்வர் 1994 ஜூலையில் ஆர்எஃப்சி 1627ஐ வெளியிட்டு, தனி முகவரி என்னும் கருத்தே தீமை விளைக்கும் என்று வாதிட்டனர். முகவரி எங்கும் ஒருமையாக இருக்கவேண்டும் என்ற கொள்கையை விட்டுக்கொடுப்பது, இணையம் எதனால் இணையமாயிற்றோ அந்தக் குணத்தையே விட்டுக்கொடுப்பதாகும் என்பது அவர்களுடைய முதல் ஆட்சேபம். இன்று வெளித்தொடர்பு வேண்டாம் என்று தீர்மானிக்கும் நிறுவனம் நாளைக்கு வேண்டும் என்று கேட்கும்; இரண்டு கம்பெனிகள் ஒன்றாகக் கலக்கும்; அப்பொழுது இரு பக்கத்திலும் ஒரே எண்கள் இருப்பது தெரியவந்து, ஆயிரக்கணக்கான இயந்திரங்களுக்கு மறுபடி எண்ணிட வேண்டிய துன்பம் நேரும் என்பது இரண்டாவது. இவ்வளவு பெரிய முடிவு பொதுச்சபையில் விவாதிக்கப்படாமலே எடுக்கப்பட்டது என்பது மூன்றாவது. இதை அவர்கள் மிகவும் கடுமையாகவே கூறினார்கள்.

இந்த விவாதம் முடிந்த விதம் என் மதிப்பில் இணைய வரலாற்றின் மேன்மையான அத்தியாயங்களுள் ஒன்று. 1996 பிப்ரவரியில் திருத்திய பதிப்பாக ஆர்எஃப்சி 1918 வெளிவந்தபோது, அதன் ஆசிரியர் வரிசையில் பழைய நால்வரோடு ஐந்தாவதாக எலியட் லியரின் பெயரும் இருந்தது. எதிர்த்து எழுதியவரையே உடனிருத்தி எழுதியதனால், புதிய குறிப்பு தன் ஏற்பாட்டின் தீமைகளையும் மறைக்காமல் சொல்லிற்று; குறிப்பாக, தனி முகவரியை மேற்கொள்ளும் நிறுவனம் அத்தொகுதிகளிலிருந்து ஏதேனும் ஒரு பகுதியைக் குலுக்கலாகத் தேர்ந்துகொள்ளவேண்டும், எல்லோரும் முதல் எண்ணையே எடுத்துக்கொண்டால் பிற்காலத்தில் மோதல் உண்டாகும் என்று வற்புறுத்தியது. உலகம் அந்தப் புத்திமதியைக் கேட்கவில்லை. ரூட்டர் செய்யும் கம்பெனிகள் பெரும்பாலும் 192.168.0 அல்லது 192.168.1 என்ற தொடக்கத்தையே தொழிற்சாலையில் பதித்து அனுப்பின, வாங்கியவர்களும் மாற்றவில்லை. அதன் பலனை, பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்தபடி அலுவலக வலையமைப்போடு இணைய முயன்று, வீட்டு எண்ணும் அலுவலக எண்ணும் ஒன்றாக இருந்ததனால், அலுவலகக் கணினிக்குப் போகவேண்டிய செய்தி வீட்டுக்குள்ளேயே சுற்றி நின்றுபோனதைக் கண்ட ஊழியர்கள் அனுபவித்தார்கள். 1994இல் லியரும் நண்பர்களும் சொன்னது பலித்தது.

தனி முகவரி மட்டும் இருந்தால் வீட்டுக் கருவி வெளியே போக முடியாது. போனாலும் மறுமொழி திரும்பி வர வழியில்லை. ஆகவே எல்லையில் நின்று எண்ணை மாற்றிக்கொடுக்கும் ஒரு பொறிமுறை தேவைப்பட்டது. அதை விவரித்தது, கெல்ட் எகெவாங்கும் பால் பிரான்சிஸும் 1994 மே மாதத்தில் வெளியிட்ட ஆர்எஃப்சி 1631. நாட் என்று பொறியாளர் வழங்கும் முகவரி மாற்று முறை இதுவே. இதை ஆக்கியவர்களே, இது தாற்காலிகமான ஏற்பாடு என்றும், நீண்டகாலத் தீர்வாவதற்குத் தகாத குறைகள் இதில் உண்டு என்றும், தாற்காலிகத்துக்குக்கூட இது தகுமா என்பது ஐயமே என்றும் எழுதிவைத்தார்கள். அவர்களுடைய நேர்மை போற்றத்தக்கது; அவர்களுடைய எச்சரிக்கை வீணாயிற்று.

இம்முறை இயங்கும் விதத்தைச் சற்று நின்று பார்ப்பது பயனுடையது. இணையத்தில் செல்லும் ஒவ்வொரு தரவுப் பொதியும் நான்கு எண்களைச் சுமந்து செல்கிறது: அனுப்புவோர் முகவரி, பெறுவோர் முகவரி, இவற்றோடு இரு முனைகளிலும் ஒவ்வொரு போர்ட் எண். போர்ட் எண் என்பது, ஒரே கணினியில் ஒரே சமயத்தில் நடக்கும் பல உரையாடல்களைப் பிரித்தறிவதற்காக ஏற்பட்டது. 16 பிட் இடமுள்ளதாதலால் 65,536 எண்கள் அதில் உண்டு. இப்பொழுது, வீட்டு மடிக்கணினியின் எண் 192.168.1.7 என்றும், ரூட்டருக்கு வெளியே கிடைத்த பொது முகவரி 203.0.113.5 என்றும் வைத்துக்கொள்வோம். இந்தப் பின்னைய எண் நூல்களில் எடுத்துக்காட்டுக் கூறுவதற்கென்றே ஒதுக்கப்பட்ட தொகுதியைச் சேர்ந்ததாதலால் எவருடைய முகவரியும் அன்று. மடிக்கணினி தன் 51000ஆம் போர்ட்டிலிருந்து ஒரு செய்தித்தளத்துக்கு வேண்டுகோள் அனுப்புகிறது. ரூட்டர் அந்தப் பொதியைப் பிடித்து, அனுப்புவோர் இடத்திலுள்ள 192.168.1.7ஐ அழித்துத் தன் பொது முகவரியை எழுதுகிறது. போர்ட் எண்ணையும் 40001 என்று மாற்றுகிறது. மாற்றியதைத் தன் நினைவகத்தில் ஒரு பட்டியலில் குறித்துக்கொள்கிறது. அதே நொடியில் 192.168.1.9 என்ற கைப்பேசி, தற்செயலாக அதே 51000ஆம் போர்ட்டிலிருந்து அதே தளத்தை நாடினாலும், அதற்கு 40002 என்ற வேறு எண் கொடுக்கப்படுகிறது. செய்தித்தளத்தின் சர்வருக்கு, ஒரே முகவரியிலுள்ள ஒரே கணினி இரண்டு உரையாடல்களைத் தொடங்கியதாகவே தோன்றும். மறுமொழி 40001க்கு வந்தால், ரூட்டர் பட்டியலைப் பார்த்து, முகவரியைத் திரும்ப 192.168.1.7 என்று எழுதி உள்ளே அனுப்புகிறது. இவ்வாறு போர்ட் எண்ணையும் சேர்த்து மாற்றும் முறையே ஒரு முகவரியைப் பலர் பகிர்வதைச் சாத்தியமாக்கியது. 2001 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 3022 இதைப் பழைய முறையோடு சேர்த்து விவரிக்கிறது.

முகவரியைத் திருத்துவதோடு ரூட்டரின் வேலை முடிந்துவிடுவதில்லை. பொதி வழியில் பழுதுபடவில்லை என்பதை உறுதிசெய்யும் சரிபார்ப்புத் தொகை, முகவரியையும் சேர்த்துக் கணக்கிடப்படுவதாதலால், அதையும் ஒவ்வொரு பொதிக்கும் புதிதாகத் திருத்தவேண்டும். சில நெறிமுறைகள் முகவரியைப் பொதியின் வெளிப்புறத்தில் மட்டுமன்றி உள்ளடக்கத்திலும் எழுதிவைக்கின்றன. கோப்புகளை அனுப்பும் எஃப்டிபி நெறிமுறை அத்தகையது. அதில் ரூட்டர் உள்ளடக்கத்தையே திறந்து படித்து, எழுத்தாக இருக்கும் பழைய முகவரியை நீக்கிப் புதியதை இடவேண்டும். புதியதன் நீளம் வேறாக இருந்துவிட்டால், அதற்குப் பின்வரும் பொதிகளின் வரிசை எண்களை எல்லாம் அந்த உரையாடல் முடியும்வரை கூட்டியோ குறைத்தோ அனுப்பவேண்டும். பொதியை யாரும் வழியில் திருத்தவில்லை என்று நிரூபிப்பதற்காகவே செய்யப்பட்ட சில பாதுகாப்பு முறைகள், ரூட்டரின் இந்த நல்லெண்ணத் திருத்தத்தையும் மோசடி என்றே கொண்டு பொதியைத் தள்ளிவிட்டன.

பட்டியலில் குறித்ததை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பதும் எளிய வினாவன்று. நினைவகம் அளவுள்ளது; உரையாடல் முடிந்ததா என்பது ரூட்டருக்கு எப்பொழுதும் தெரிவதில்லை. தொடக்கமும் முடிவும் அறிவிக்காத யுடிபி உரையாடல்களுக்கு இரண்டு நிமிடத்துக்குக் குறையாமலும், முறையாகத் தொடங்கிய டிசிபி உரையாடல்களுக்கு இரண்டு மணி நான்கு நிமிடத்துக்குக் குறையாமலும் வைத்திருக்கவேண்டும் என்று 2007இலும் 2008இலும் வந்த குறிப்புகள் விதித்தன. மலிவான ரூட்டர்கள் இவ்விதியை மதிப்பதில்லை. ஆகவேதான் கைப்பேசியிலுள்ள செயலிகள், சொல்லத்தக்க செய்தி ஒன்றும் இல்லாதபோதும், தம் பெயர் பட்டியலிலிருந்து அழிந்துவிடாதபடி அடிக்கடி ஒரு சிறு பொதியை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன; அதற்காகும் மின்சாரம் நம் பாட்டரியிலிருந்துதான் செலவாகிறது.

இவையெல்லாம் சாமர்த்தியமான பொறியாளர் சமாளித்துவிட்ட தொல்லைகள். சமாளிக்க முடியாத மாற்றம் வேறொன்று உண்டு. பட்டியலில் ஒரு வரி உண்டாவது உள்ளேயிருந்து ஒருவர் வெளியே பேசத் தொடங்கும்போது மட்டுமே. வெளியிலிருந்து ஒருவர் தாமாக வந்து கதவைத் தட்டினால், எந்தக் கருவியைத் தேடி வந்தார் என்று சொல்லும் வரி பட்டியலில் இல்லாமையால், ரூட்டர் அவரைத் திருப்பிவிடுகிறது. ஆதலால் வீட்டுக் கணினி அழைக்கலாம், அழைக்கப்பட முடியாது. இணையத்தின் ஆதி அமைப்பில் இந்த வேற்றுமை இல்லை. அதில் ஒவ்வொரு கணினியும் கேட்கவும் வழங்கவும் சமமான உரிமை உடையது. சால்ட்சர், ரீட், கிளார்க் என்ற மூன்று அறிஞர்கள் 1980களின் தொடக்கத்தில் வகுத்துரைத்த முனைக்கு முனைக் கோட்பாடும், அறிவு வலையமைப்பின் நடுவில் அன்றி அதன் முனைகளில் இருக்கட்டும் என்றே கூறுகிறது. முகவரிப் பகிர்வோ நடுவழியில் ஒரு காவலரை நிறுத்தி, உரையாடல்களின் நினைவை எல்லாம் அவரிடம் ஒப்படைத்தது. அவர் நினைவிழந்தால், அதாவது மின்தடையால் ரூட்டர் அணைந்து மீண்டால், இரு முனைகளும் நலமாக இருந்தும் அவற்றின் உரையாடல் அறுந்துபோகிறது.

இதனால் விளைந்த பொருளாதார விளைவை நாம் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். இரண்டு வீடுகள் நேரே பேச இயலாதபோது, இருவரும் அழைக்கத்தக்க பொது முகவரி உடைய மூன்றாவது ஒருவரை அண்டவேண்டும். ஒரே தெருவிலுள்ள இருவர் காணொளியில் பேசினாலும், அவர்களுடைய கருவிகள் முதலில் வெளியிலுள்ள ஒரு சர்வரைக் கேட்டுத் தம் பொது முகவரி இன்னதென்று அறிகின்றன; பின்பு இரண்டும் ஒரே கணத்தில் ஒன்றையொன்று அழைத்து, இரண்டு ரூட்டர்களின் பட்டியலிலும் வரி உண்டாகும்படி செய்ய முயல்கின்றன; அதுவும் பலிக்காதபோது பேச்சு முழுவதும் இடைத்தரகரின் சர்வர் வழியே போகிறது. முதலாவது முறைக்கு ஸ்டன் என்றும் மூன்றாவதற்கு டர்ன் என்றும் பெயர். ஸ்டன் 2003இல் வகுக்கப்பட்டது. வாசலிலுள்ள காமிராவை அலுவலகத்திலிருந்து பார்க்க விரும்பும் வீட்டுக்காரர், தம் வீட்டுக்கு நேரே செல்ல வழியின்றி, காமிரா கம்பெனியின் சர்வருக்குப் படத்தை அனுப்பி அங்கிருந்து பெற்றுக்கொள்கிறார். தம் வீட்டு முற்றத்தின் காட்சி அந்நியர் ஒருவர் கையைத் தொட்டே தம்மிடம் வருகிறது. சாதாரண மனிதர் தம் வீட்டுக் கணினியிலேயே ஒரு தளத்தை வைத்து நடத்துவது அருமையாகி, பெரிய நிறுவனங்களின் சர்வர்களில் எல்லோரும் குடியேறியதற்குக் காரணங்கள் பல உண்டு. அவற்றுள் இதுவும் ஒன்று.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். வெளியார் தாமாக உள்ளே வர இயலாமையால், பாதுகாப்பற்ற பழைய கணினிகள் பல தாக்குதலிலிருந்து தப்பின என்பது உண்மை. முகவரிப் பகிர்வை ஆதரிப்போர் இதையே முதலாவதாகக் கூறுவர். ஆனால் அந்தப் பாதுகாப்பை அளிப்பது, உள்ளேயிருந்து தொடங்காத உரையாடலை அனுமதிக்காத விதியே. அவ்விதியை எண்ணை மாற்றாமலேயே ஒரு ஃபயர்வால் நிறைவேற்ற முடியும். உள்ளே எத்தனை கருவிகள் உள்ளன என்பது மறைவாக இருக்கும் என்ற கூற்றும் முழு உண்மையன்று. பொதிகளிலுள்ள அடையாள எண்களின் வரிசையைக் கொண்டே ரூட்டருக்குப் பின்னால் எத்தனை கணினிகள் இருக்கின்றன என்று ஓரளவு கணக்கிடலாம் என ஸ்டீவன் பெல்லோவின் என்னும் ஆய்வாளர் 2002ஆம் ஆண்டிலேயே காட்டிவிட்டார்.

2011 பிப்ரவரி 3ஆம் தேதி, மயாமி நகரில், உலக முகவரிக் களஞ்சியத்தின் கடைசி ஐந்து தொகுதிகள் ஐந்து கண்டப் பதிவகங்களுக்கு ஆளுக்கொன்றாகப் பகிர்ந்தளிக்கப்பட்டன. ஆசிய-பசிபிக் பதிவகம் அதே ஆண்டு ஏப்ரல் 15ஆம் தேதி தன் கடைசித் தொகுதியைத் தொட்டது. ஐந்து பதிவகங்களுள் முதலாவதாக வறண்டது நம்முடையதே. அன்றிலிருந்து முகவரி என்பது விலைச்சரக்காயிற்று. திவாலான நார்டெல் கம்பெனியிடமிருந்து 6,66,624 முகவரிகளை மைக்ரோசாஃப்ட் 2011இல் 75 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. அமேசானின் கணினிச் சேவை, பொது ஐபிவி4 முகவரி ஒவ்வொன்றுக்கும் மணிக்கு அரை சென்ட் வாடகையை 2024 பிப்ரவரி முதல் விதிக்கிறது.

விலை கொடுக்க இயலாத அல்லது விரும்பாத சேவை நிறுவனங்கள், வீட்டுக்குள் நடந்த பகிர்வைத் தம் நிலையத்திலும் நடத்தத் தொடங்கின. வீட்டு ரூட்டருக்குக் கிடைப்பதும் பொது முகவரியன்று. அதுவும் ஒரு தனி முகவரி. நிறுவனத்தின் பெரிய மாற்று இயந்திரம் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்துகிறது. இதற்கென்றே 100.64 முதல் 100.127 வரையிலான 41 லட்சத்து 94 ஆயிரத்து 304 எண்கள் 2012 ஏப்ரலில் ஒதுக்கப்பட்டன. இங்கேதான் என் கருத்து கடுமையாகிறது. ஒரு குடும்பத்தார் ஒரு முகவரியைப் பகிர்வது வேறு. ஒருவரையொருவர் அறியாத நூறு குடும்பங்கள் பகிர்வது வேறு. பின்னதில் வீட்டுக்காரர் தம் ரூட்டரில் எந்த வாயிலைத் திறந்து வைத்தாலும் பயனில்லை. அடைபட்ட கதவு தம் வீட்டில் இல்லை. போர்ட் எண்களும் போதாமற் போகின்றன: கையிருப்பில் ஏறத்தாழ 64,500 எண்கள் என்று கொண்டு, வீட்டுக்கு ஆயிரமாகப் பிரித்தால் 64 வீடுகளே அடங்கும், பலரும் ஒரே நேரத்தில் பயன்படுத்த மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் அதற்கு மேல் சேர்க்கும்போது, காரணம் தெரியாமல் பக்கங்கள் பாதியில் நிற்கின்றன.

குற்ற விசாரணையில் இது மேலும் கொடிது. முகவரியைக் கொண்டு மட்டும் ஒருவரைக் கண்டுபிடிக்க இயலாது; துல்லியமான நேரமும் போர்ட் எண்ணும் வேண்டும். சர்வர்கள் போர்ட் எண்ணையும் பதிவுசெய்யவேண்டும் என்று 2011இல் ஒரு குறிப்பு அறிவுறுத்தியும், அதைக் கடைப்பிடிக்காதவர் பலர். 2017 அக்டோபரில் ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் இதைப் பகிரங்கமாகக் கண்டித்து, குற்றவாளி ஒருவரோடு முகவரியைப் பகிர நேர்ந்ததனாலேயே நிரபராதிகள் பலர் விசாரணைக்கு உட்படும் நிலைமையைச் சுட்டிக்காட்டியது. பெல்ஜியம் நாட்டுச் சேவை நிறுவனங்கள், 2012 முதல், ஒரு முகவரிக்குப் பின்னால் 16 சந்தாதாரருக்கு மேல் வைப்பதில்லை என்று தாமாக இசைந்து ஒழுகின. பிற நாடுகளும் பின்பற்றத்தக்க மிதமான நெறி அது.

உண்மையான தீர்வு 1995 டிசம்பரிலேயே எழுதப்பட்டுவிட்டது. ஐபிவி6 என்னும் அந்நெறிமுறை முகவரிக்கு 128 பிட் இடம் தருகிறது. அதில் ஒரு வீட்டுக்குக் கொடுக்கப்படும் மிகச் சிறிய கட்டிலும் 64 பிட் அளவுக்கு எண்கள் உண்டு. அதாவது இன்றைய ஐபிவி4 முகவரிகள் எல்லாவற்றின் தொகையையும் அதே தொகையால் பெருக்கிய அளவு. பழைய பிழைகளிலிருந்து கற்ற பாடமும் அதில் தெரிகிறது: உள்ளுக்குள் மட்டும் பயன்படுத்தும் தனி முகவரி அதிலும் உண்டு, ஆனால் 2005இல் வகுக்கப்பட்ட அதன் விதி, ஒவ்வொரு நிறுவனமும் 40 பிட் நீளமுள்ள எண்ணைக் குலுக்கலாக ஆக்கிக்கொள்ளவேண்டும் என்று கட்டளையிடுகிறது, பத்தாண்டுகளுக்கு முன் ஆலோசனையாகச் சொல்லிக் கேட்கப்படாதது இதில் சட்டமாயிற்று. கருவியின் முகவரி நிலையாக இருந்தால் அதன் நடமாட்டத்தைப் பின்தொடரலாமே என்ற அச்சத்துக்கு, முகவரியை அவ்வப்போது மாற்றிக்கொள்ளும் முறை 2001இலேயே வகுக்கப்பட்டது.

இவ்விஷயத்தில் இந்தியா பின்தங்கிய நாடன்று. நூற்று நாற்பது கோடி மக்களுக்கும் சேர்த்துச் சில கோடி ஐபிவி4 முகவரிகளே கிடைத்த தேசம் இது. மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2010 ஜூலையிலேயே மாற்றத்துக்கான திட்டத்தை வெளியிட்டது. 2016 செப்டம்பரில் தொடங்கிய ஜியோ கைப்பேசிச் சேவை தொடக்கத்திலிருந்தே ஐபிவி6ஐ மேற்கொண்டபின், அளவீடுகளில் நம் நாட்டுப் பயனர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் அந்நெறிமுறையில் இருப்பதாகக் காண்கிறோம். உலகத்தின் முன்வரிசையில் நாம் நிற்கும் துறைகளுள் இது ஒன்று. எனினும் கைப்பேசியில் கிடைத்த இந்த விடுதலை வீட்டு இணைப்புகள் எல்லாவற்றுக்கும் வந்துசேரவில்லை. ஐபிவி6 இல்லாமல் பகிர்ந்த முகவரியை மட்டும் கொடுத்துவிட்டு, தனியான பொது முகவரி வேண்டுமென்றால் கூடுதல் கட்டணம் கேட்பது இன்னும் வழக்கத்தில் இருக்கிறது.

ஆகவே வாசகர்கள் ஒன்று செய்யவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டு ரூட்டரின் நிலைமைப் பக்கத்தில் வெளிப்புற முகவரி என்று காட்டப்படும் எண்ணைப் பாருங்கள். அது 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையிலோ தொடங்கினால், உங்கள் வீடு அறிமுகமற்ற பல வீடுகளோடு ஒரே முகவரிக்குப் பின்னால் இருக்கிறது. அவ்வாறிருந்தால், சேவை நிறுவனத்துக்கு எழுதி ஐபிவி6 இணைப்பைக் கேளுங்கள். கூடவே ரூட்டரின் ஃபயர்வால் இயங்குகிறதா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். சலுகையாகவன்றி, செலுத்தும் சந்தாவுக்கு உரிய சேவையாகவே அதைக் கேளுங்கள்.